உன் கைப்பேசிக்கு வரும் ஆறு எண்கள்

கண்ணு,

வெள்ளிக்கிழமை காலை நீ சென்னையிலிருந்து வந்து இறங்குவாய். குளிப்பாய், சாப்பிடுவாய். பதினோரு மணிக்கு ஒருவர் வீட்டுக்கு வருவார். மேசைமேல் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கும். உன் பான் அட்டையின் நகல், ஆதார் நகல், நம் தையல் ஷெட்டின் வாடகை ஒப்பந்தம். எல்லாம் தயார். அவர் மடிக்கணினியில் உன் பெயரைத் தட்டுவார். உன் கைப்பேசிக்கு ஆறு எண்கள் வரும். "தம்பி, அந்த நம்பரச் சொல்லுங்க" என்பார். நீ சொல்வாய். வேலை பாதி முடிந்துவிடும். சில நாட்களில் ஒரு புதிய கம்பெனிக்கு நீ உரிமையாளன். அப்பாவின் முகத்தில் ஆறு மாதமாக இல்லாத ஒரு நிம்மதி வரும். அதைப் பார்ப்பதற்காகவே நீ எதையும் சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

சொல்லாதே. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அப்பா சொல்றதைக் கேளு கண்ணு" என்றேன். அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாயில் தயாராக இருக்கும் வாக்கியம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் யாராவது வந்துவிடுவார்கள், அல்லது நானே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், நம் ஊரில் பெயருக்கு மட்டும் முதலாளியாக இருக்கும் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறோம்.

கம்பெனிக்கு மனைவியின் பெயர் வைப்பதை இங்கே அன்பு என்பார்கள். நான் எம்.ஏ. முடித்து, ஆய்வுக்குச் சேர்வதாக இருந்து, சேராமல் இந்த வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் மங்கலம் ரோட்டில் பதினெட்டு மெஷினோடு ஒரு பனியன் தையல் யூனிட். என் பெயரின் முதல் பாதி, பிறகு நிட்ஸ். போர்டைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பூண்டிக் கோயிலில் முதல் பில் புத்தகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் வண்டி சீட்டின்மேல் வங்கிப் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கெங்கே போட வேண்டுமோ அங்கெல்லாம் அப்பா பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தாள்கள். வாடகை, மின்சாரம், வங்கிக் கடன், வரி. நான் தாளைப் பார்த்ததில்லை. குறியைத்தான் பார்த்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் படித்தவள் நான்.

ஜி.எஸ்.டி. வந்த வருடம் நீ பத்தாம் வகுப்பு. செல்வராஜ் வந்து கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார். உனக்குத் தெரியும், அப்பாவுக்குப் பங்காளி முறை. ஐம்பது யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்ப்பவர். மாதத்துக்கு ஒருநாள் நம் வீட்டில் சாப்பாடு. "போன் நம்பர், ஈமெயில் கேக்குதுங்ண்ணா. அக்கா நம்பரு போட்டர்லாமுங்களா?" என்றார். அப்பா சிரித்தார். "அவளுக்கு எதுக்கு? மெசேஜா வந்து கொட்டும். உங்க நம்பரே போட்டுக்குங்க செல்வராசு." "சரீங்ண்ணா, நானே பாத்துக்கறனுங்க." நான் டீ டம்ளர்களோடு நின்றிருந்தேன். என் நம்பர் எனக்கு மனப்பாடம். பத்து எண்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்றேன்.

இந்தத் தவறு படிக்காதவர்கள் செய்வது என்று நீ நினைக்கலாம். இல்லை. மரியாதை தெரிந்தவர்கள் செய்வது. நம் பக்கத்தில் ஒருவரை நம்புகிறோம் என்றால் அவரிடம் கேள்வி கேட்கமாட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' சேர்த்துப் பேசுகிற ஊரில், 'என் கணக்கை எனக்குக் காட்டு' என்று எப்படிக் கேட்பது? ஒரு தடவை கேட்டேன். ஒரு பொங்கலின்போது, பலகாரத் தட்டை வைத்துக்கொண்டே, "செல்வராசு, அந்த ஜி.எஸ்.டி. பாஸ்வேர்ட ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க, சும்மா இருக்கட்டும்" என்றேன். "ஏனுங்க்கா, எம்மேல நம்பிக்கை போயிருச்சுங்களா?" என்று சிரித்தார். கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவர் போன பிறகு அப்பா, "அவரு மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தியா புள்ள?" என்றார். அவ்வளவுதான். நான் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பொங்கலன்று முதல் நோட்டீஸ் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. செல்வராஜின் போனில், ஐம்பது கம்பெனிகளின் செய்திகளுக்கு நடுவில், எனக்கு வந்த கடிதம்.

எப்படித் தெரிந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை. சம்பள நாள். அப்பா வேறு வேலையில் இருந்ததால் காசோலையை எடுத்துக்கொண்டு நான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், உங்க அக்கவுண்ட்ல ஹோல்டு இருக்குங்க, பணம் எடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு." கம்பெனிக் கணக்கா என்றேன். "ரெண்டுமேங்க. உங்க சேவிங்ஸும்." அது நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். கம்பெனிக்கும் எனக்கும் ஒரே பான் எண். சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்று தனியாக ஒன்று இல்லை, கண்ணு. நான்தான் இருக்கிறேன்.

மூன்று மணிக்குள் இருபத்தி இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்பா பக்கத்து ஷெட்காரரை அழைத்து இரண்டு ஓவர்லாக் மெஷின்களைக் கொடுத்தார். பணம் அங்கேயே கைமாறியது. மெஷினைத் தூக்கும்போது அதில் தைக்கிற தேனிக்காரப் பெண் முத்துமாரி ஒதுங்கி நின்று பார்த்தாள். கூலியை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள். "ஏன்க்கா, நா ஒக்காந்து தச்ச மெசினு. அத வித்துத்தேன் எங்கூலியா?" என்றாள். கோபம்கூட இல்லை. விவரம் கேட்பதுபோலக் கேட்டாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. வந்திருந்தாலும் உட்கார இடம் இல்லை.

செல்வராஜ் ஒளியவில்லை. கூப்பிட்டதும் வந்தார். "பாத்தனுங்க்கா. பதில் போடலாம்னுதான் இருந்தனுங்க. நடுவுல எனக்கும் ஒடம்பு முடியல." நமக்குத் துணி விற்ற ஒருவர் நம்மிடம் வாங்கிய வரியை அரசுக்குக் கட்டவே இல்லை. அந்த வரியை நாம் கழித்துக்கொண்டது செல்லாது என்றார்கள். விளக்கம் கேட்டார்கள். நேரில் வரச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. உத்தரவு போட்டுவிட்டார்கள். வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துப் பதினான்கு லட்சம். செல்வராஜ்மேல் எனக்குக் கோபம் குறைவுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவரால் முடியாததை முடியாது என்று சொல்லவில்லை. அதை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு இன்னொருவர், வெள்ளிக்கிழமை உன் எதிரே உட்காரப்போகிறவர். அவினாசி ரோட்டில் கண்ணாடி அறை, ஏ.சி., வரி ஆலோசகர் என்று போர்டு. பக்கத்து ஷெட்காரர் சொல்லி நாங்கள் போனோம். அப்பா கோப்பை நீட்டினார். அவர் திறக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "அண்ணா, கவலைய உடுங்க. இதெல்லாம் நமக்கு ஒரு மேட்டரே இல்லீங்க. உள்ள நம்ம ஆளுங்க இருக்காங்க, பேசி முடிச்சரலாம்" என்றார். இரண்டு லட்சம், ரொக்கமாகக் கொடுத்தோம். நான் ரசீது கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "அக்கா படிச்சவங்களுங்களா?" என்றார். "எம்.ஏ.ங்க." "அதானுங்க." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படும் இடம் எது என்று கேட்டால், வங்கி இல்லை, இதுதான்.

இப்போது தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகப் படி. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம் தரலாம். நாங்கள் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த நாளில் மூன்று மாதம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. இருபத்தி இரண்டு நாள் மிச்சம் இருந்தது. நமக்குத் தெரியாது. கோப்பைத் திறந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பா தினமும் போன் செய்தார். "பேசிட்டிருக்கனுங்ண்ணா." "சார் லீவுங்ண்ணா." "அடுத்த வாரமுங்ண்ணா." அந்த இருபத்தி இரண்டு நாளில் நான் சமைத்தேன், துவைத்தேன், ட்யூஷன் எடுத்தேன். ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

சாத்திய பிறகுதான் அவர் இந்தப் புது வழியைச் சொன்னார். "பழசு கெடக்கட்டுமுங்க. பையன் பேர்ல ஒண்ணு போட்டுக்குங்க. அதே ஷெட்டு, அதே மெசினு, புது நம்பரு. யாரு கேக்கறாங்க?" அப்பாவுக்கு அது மூச்சுவிடக் கிடைத்த ஓட்டைபோல இருந்தது. எனக்கும்தான், ஒரு நாள் முழுக்க. ஏனென்றால் நாங்கள் இருக்கும் இடம் அப்படி. கம்பெனியை நடத்தமுடியாது, வருகிற பணம் வங்கிக்குள் நுழைந்ததும் நின்றுவிடும். மூடிவிட்டாலும் கடன் மூடாது. பில் போடமுடியாததால் நமக்கு வேலை தரும் பார்ட்டி ஆர்டரை வேறு ஷெட்டுக்கு மாற்றப்போகிறார். காலையில் எழுந்து பல் துலக்கும்போதே அந்தத் தொகை ஒருநாள் வட்டியோடு கூடியிருக்கும். இரவு சாப்பாட்டில் அப்பா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்ப்பேன். பேசினால் அதைத்தான் பேச வேண்டும். பேசாவிட்டாலும் அதுதான் உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் ஒன்று தோன்றியது. எனக்கு வந்த கடிதங்களை நான் இன்னும் படிக்கவில்லை. செல்வராஜிடம் கேட்டேன். பழைய சிம் தொலைந்துவிட்டது என்றார். வரி இணையதளத்தின் உள்ளே நுழைய வேண்டுமானால் உரிமையாளரே அடையாள அட்டையோடு வரி அலுவலகத்துக்குப் போய் நம்பரை மாற்ற வேண்டுமாம். அப்பாவிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லிவிட்டு வரி அலுவலகத்துக்குப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நடைபாதை பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பேச்சு. தலையில் துப்பட்டா சுற்றிய ஓர் இளம்பெண், பனியன் சாம்பிள் போடுகிற கவரில் கோப்புகள். எதிரே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், துணியை அழுத்திச் சீராக்கும் காம்பேக்டிங் யூனிட் வைத்திருப்பவர் என்று பேச்சிலிருந்து புரிந்தது. "அய்யா, இது முடியாதுங்க" என்றாள் அவள். "எத்தன செலவானாலும் பரவால்லம்மா." "செலவு பண்ணுனாலும் முடியாதுங்கய்யா. வரியும் வட்டியும் கட்டித்தான் ஆகணும். அபராதத்துக்கு மட்டும் எழுதிப் பாக்கலாம். முடியும்னு சொல்லி உங்ககிட்ட காசு வாங்க எனக்கு வாய் வரலீங்க." பெரியவர் கோபமாக எழுந்து போய்விட்டார். "நல்லா ஆடிட்டருக்குப் படிச்சே போ" என்று படியில் இறங்கும்போது சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவள் கவரை மூடி வைத்தாள். ஆறு மாதத்தில் 'முடியாது' என்ற சொல்லை நான் முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். என் வேலை முடிந்ததும் அவளைத் தேடிப் படியிறங்கி ஓடினேன்.

பெயர் ரஹ்மத். காதர்பேட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே சிறிய அறை. ஏ.சி. இல்லை. நான் போய் உட்கார்ந்ததும் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "அப்புறம் கேக்கறேன்க்கா. மொதல்ல உங்க போன எடுங்க. அதுல உள்ள போங்க. பாஸ்வேர்ட எனக்குச் சொல்ல வேண்டாம்."

"நீங்களே பண்ணிக்குங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"நான் பண்ணுனா நாளைக்கு நானும் உங்களுக்கு ஒரு செல்வராசுங்க" என்றாள்.

கடிதங்கள் வழக்கமாகத் திறக்கும் பக்கத்தில் இல்லை. இன்னொரு பக்கத்தில், கூடுதல் நோட்டீஸ்கள் என்ற தலைப்பின்கீழ் கிடந்தன. பதினொன்று. எல்லாவற்றிலும் என் முழுப் பெயர். அவள் டீ வரவழைத்துவிட்டு வேறு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். முரட்டுக் கடிதங்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. விளக்கம் தரவும். மீண்டும் ஒரு வாய்ப்பு. நேரில் வரலாம், அல்லது உங்கள் பிரதிநிதியை அனுப்பலாம். கடைசி வாய்ப்பு. என்னிடம் இவ்வளவு தடவை யாரும் எதற்கும் விளக்கம் கேட்டதில்லை. நேரில் வரச் சொன்ன ஒரு தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். அன்று நாம் கோயம்புத்தூரில் இருந்தோம். உன் பட்டமளிப்பு விழா. நீ அங்கியோடு எடுத்த படம் வீட்டில் தொங்குகிறதே, அந்த நாள். நான் உன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு அறையில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

ரஹ்மத் பிறகு உத்தரவை இரண்டு தடவை படித்தாள். தேதியை விரலால் எண்ணினாள். "மேல்முறையீடு போச்சுங்க்கா. அந்த ஒரு மாசமும் போச்சு. இனி ஹைகோர்ட்டுதான். நோட்டீஸ் உங்க கண்ணுலயே படலன்னு சொல்லிக் கேக்கலாம். வரியில ஒரு பங்கு கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். அனுப்பாமலும் போகலாம். அனுப்புவாங்கன்னு நான் சொல்லமாட்டேன். கோர்ட்டுல பேசறது என் வேல இல்லீங்க, அதுக்கு வரி வழக்குப் பாக்கற வக்கீல் வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, வேற ஆளப் பாத்தாலும் சரி." ஒரு தாளில் தன் கட்டணத்தை எழுதினாள். என்னென்ன செய்வாள் என்று மூன்று வரி. என்ன செய்யமாட்டாள் என்று இரண்டு வரி. கீழே கையெழுத்து, உறுப்பினர் எண். "இந்த நம்பரப் போட்டு நான் நெஜமா ஆடிட்டர்தானான்னு ஊட்டுக்குப் போய்ப் பாத்துக்குங்க" என்றாள். பார்த்தேன். இனி எல்லோரையும் பார்ப்பேன்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அதே ஷெட்டு, அதே மெசினு, அதே பார்ட்டி, ஓனரு மட்டும் பையன். தொழில அப்படியே மாத்திக் குடுத்ததா எடுத்துக்குவாங்க. பழைய பாக்கி பையன் பின்னாடியும் வரும்க்கா. இப்ப மாட்டியிருக்கறது ஒருத்தர். அப்ப ரெண்டு பேரு."

அன்று மாலை ஷெட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ரேஷன் கடைப் பொய்யையும் சேர்த்து. இரண்டு மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு என்னதான் சொல்லுது?"

"முடியாதுங்குதுங்க."

"அதச் சொல்றதுக்கு ஒரு ஆடிட்டரா? அத நானே சொல்லுவனே." தரையைப் பார்த்தபடியே, "இவரு முடியும்ங்கறாரு. அந்தப் பொண்ணு முடியாதுங்குது. நீ யாருகிட்டப் போவே?"

"முடியாதுன்னவகிட்டங்க."

"இந்த ஊர்ல யாரு பசங்க பேர்ல கம்பெனி இல்ல, சொல்லு? ஊரே பண்ணுது."

"ஊரே பொண்டாட்டி பேர்லயும் வெச்சிருக்குதுங்க. என் பேர்ல இருக்கறது என்னன்னு எனக்கே ஆறு மாசம் முன்னாலதான் தெரிஞ்சுது."

அவர் கத்தரி ஒன்றை எடுத்து மேசையில் நேராக வைத்தார். நீ அவரைத் தவறாக நினைக்கக் கூடாது. அவர் உன்னை மாட்டிவிடப் பார்க்கவில்லை. அவருக்கு இருபது பேரின் சனிக்கிழமை தெரிகிறது, உன் பத்து வருடம் தெரியவில்லை. எனக்கு இரண்டும் தெரிகிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. நீ மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆர்டர் போகும். ஷெட் பெரும்பாலும் காலியாகும். தன் கம்பெனியில் தானே முதலாளியாக இருந்தவர் ஐம்பது வயதில் இன்னொருவர் யூனிட்டில் சூப்பர்வைசராக நிற்க வேண்டியிருக்கும். அவர் உன்னிடம் சில மாதம் பேசாமல் இருக்கலாம். இவ்வளவும் நடந்த பிறகும் நீதிமன்றம் நம் பக்கம் பேசும் என்று உறுதி இல்லை. இருந்தும் மறு என்கிறேன்.

உனக்கும் ஒருநாள் இப்படி ஒரு கடன் வரலாம். வரியாக இல்லாவிட்டாலும் வேறொன்றாக. அப்போது யாரிடம் போவது என்று தெரியாமல் அலைவாய், நாங்கள் அலைந்ததுபோல. நல்ல நாற்காலி இருக்கும் இடத்துக்குக் கால் தானாகப் போகும். பயந்தவனுக்கு 'முடிச்சரலாம்' என்ற சொல்போல இனிப்பது எதுவும் இல்லை. கோப்பைத் திறக்காமல் தொகை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. உள்ளே ஆள் இருக்கிறது என்பவரிடமிருந்தும். பணம் வாங்கியதற்குச் சீட்டுத் தரத் தயங்குகிறவன், வாங்கவில்லை என்று சொல்லும் நாளுக்கு இப்போதே தயாராகிறான். கணக்கு எழுதுகிறவர் வேறு, கணக்கைச் சரிபார்த்து உனக்காக அலுவலகத்தில் நிற்கிறவர் வேறு, நீதிமன்றத்தில் பேசுகிறவர் வேறு. மூன்றையும் நானே செய்வேன் என்பவர் மூன்றையும் செய்யமாட்டார். தேதியைத்தான் முதலில் கேட்பார்கள், சரியானவர்கள். உன் கதையைக்கூடப் பிறகுதான் கேட்பார்கள். அது அப்போது மனதைக் கொஞ்சம் நோகடிக்கும். பரவாயில்லை. ஆறுதலுக்கு நான் இருக்கிறேன். சொந்தக்காரரா, நம் ஆளா, நம் ஊரா என்று பார்க்காதே. கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா என்று பார். முறுக்கைத் திரும்பத் தட்டில் வைக்கிறாரா என்று பார்.

நேற்று சென்னையிலிருந்து வக்கீல் அனுப்பிய தாள்கள் ரஹ்மத்தின் அறைக்கு வந்தன. போய் உட்கார்ந்தேன். வக்கீலின் குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ரஹ்மத் மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். ஒரு இடத்தில், உத்தரவு பற்றி என் கணக்காளர் மூலம் எனக்குத் தெரியவந்தது என்று இருந்தது. இல்லை, வங்கி கவுண்டரில்தான் தெரிந்தது என்றேன். "வக்கீலுக்கே திருத்தம் போடறீங்களேக்கா" என்று சொல்லிவிட்டு உடனே போன் செய்து மாற்ற வைத்தாள். மனுவின் முதல் வரி, இந்தத் தொழிலின் ஒரே உரிமையாளர் நான் என்று தொடங்குகிறது. இருபது வருடத்துக்கு மேல் போர்டில் என் பெயர் இருந்தது. அந்த வாக்கியம் உண்மையாவதற்கு இந்தக் கடன் வர வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். கதவு திறந்துவிடவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே வெயில், அதே பதினான்கு லட்சம். இப்போது வரி அலுவலகத்துச் செய்தி வந்தால் என் போனில் வருகிறது. திறந்து படிக்கிறேன். அது மட்டும்தான் மாறியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வருவார். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகமாட்டேன். உன் பக்கத்தில் உட்காருவேன். அவர் உன் பெயரைத் தட்டுவார். ஆறு எண்கள் வரும். ரஹ்மத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அந்த எண்களுக்குப் பத்து நிமிடம்தான் உயிர். நீ யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம். விளக்கம் சொல்ல வேண்டாம். போனைத் தலைகீழாக மேசைமேல் வைத்துவிட்டுக் காபியைக் குடி. அவர் ஒருமுறை கேட்பார். அப்பா ஒருமுறை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அது கஷ்டமாக இருக்கும். சுவர்க்கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் சும்மா இரு, கண்ணு. கேட்டதைக் கொடுக்காமல் சும்மா இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அம்மா